போ நதிக் கரையில் ஒரு கேள்வி

சிலருடைய கீர்த்தி ரெயில் வண்டியைப் போல் குறித்த நேரத்துக்கு வந்து சேருகிறது. வேறு சிலருடைய கீர்த்தியோ கட்டை வண்டியில் ஏறிப் புறப்படுகிறது. ஊர் அடங்கிய பிறகு மெதுவாக வந்து கதவைத் தட்டுகிறது. இத்தாலி தேசத்து மாரியோ சொல்தாத்தி என்பவர் டெலிவிஷனில் செய்த காரியத்தின் கீர்த்தி இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தது.

1957-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இத்தாலிய டெலிவிஷனுக்காக ஒரு பிரயாணத் தொடரைத் தயாரித்தார். போ நதியின் பள்ளத்தாக்கு நெடுகச் சென்று, கலப்பற்ற அசல் உணவுப் பண்டங்களைத் தேடுவதே தொடரின் நோக்கம். பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த அந்தத் தொடரே, உணவையும் அதைச் செய்கிறவர்களையும் பற்றி இத்தாலிய டெலிவிஷனில் தோன்றிய முதல் நிகழ்ச்சி என்று பின்னால் வந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஒப்புக்கொள்வதற்குள் பல ஆண்டுகள் சென்றுவிட்டன.

நமக்கு அவர் இவ்வளவு காலம் கழித்து அறிமுகமாவதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவர் காமிராவுடன் கிராமம் கிராமமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது நம் தேசத்தில் டெலிவிஷனே கிடையாது. டில்லியில் அது சோதனை முறையில் தொடங்கியது 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி. சென்னைக்கு வந்ததோ 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி. மேலும் அந்தத் தொடர் கறுப்பு வெள்ளைப் படம். பேசப்படுவது இத்தாலிய மொழி. ஆயினும் இன்று அதைப் பார்க்கிறவருக்கு மொழி தெரியாமற்போனாலும் ஒரு விஷயம் விளங்கிவிடும். அந்த மனிதர் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "இதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?"

இந்தச் சாதாரணக் கேள்வியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

எழுத்தாளர், டைரக்டர், பிரயாணி

சொல்தாத்தி 1906-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் துரின் நகரில் பிறந்தார். துரின் போ நதிக் கரையில் உள்ள நகரம். ஆகவே பிற்காலத்தில் அவர் நதியோடு பிரயாணம் செய்தது சொந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டது போலத்தான். இளமையில் கலை வரலாறு படித்தார். 1929-இல் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அந்த அனுபவங்களை வைத்து 1935-இல் அவர் வெளியிட்ட புத்தகம் அவரை ஓர் எழுத்தாளர் என்று இத்தாலிக்கு அறிமுகப்படுத்தியது.

பிறகு அவர் சினிமாத் துறையில் புகுந்தார். இருபத்தைந்துக்கு மேற்பட்ட படங்களை டைரக்ட் செய்தார். 1954-இல் அவருடைய நாவல் ஒன்றுக்கு இத்தாலியின் பெரிய இலக்கியப் பரிசான ஸ்திரேகா பரிசு கிடைத்தது. இப்படி இரண்டு துறைகளிலும் பெயர் எடுத்த மனிதர், ஐம்பது வயதுக்கு மேல், பாலாடைக் கட்டி செய்பவரையும் மீன் பிடிப்பவரையும் தேடிக் கிளம்பினார். இலக்கிய உலகம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. நாவல் எழுதுகிறவருக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்று எண்ணியவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள் அல்லவா?

மீசையும் வாயில் சுருட்டுமாக அவர் காமிராவுக்கு முன்னால் தாமே வந்து நின்றார். எழுதி வைத்ததை ஒப்பிக்கும் தோரணை அவரிடம் இல்லை. எதிரில் நிற்பவரோடு பேசுவார், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார், கொடுத்ததைச் சாப்பிடுவார். நாவலாசிரியர் தம் பாத்திரங்களிடம் காட்டும் பரிவையும் ஆவலையும் அவர் உயிருள்ள மனிதர்களிடம் காட்டினார்.

அந்த ஒரு வருஷம்

1957-ஆம் வருஷம் இத்தாலியின் சரித்திரத்தில் ஒரு திருப்பம். யுத்தத்தில் இடிந்து கிடந்த தேசம் எழுந்து நின்று வேகமாக நடக்கத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கான உடன்படிக்கை ரோம் நகரில் கையெழுத்தாயிற்று. ஜூலை மாதத்தில் ஃபியட் கம்பெனியின் சின்னஞ்சிறு கார் விற்பனைக்கு வந்தது. வயலை விட்டுத் துரினுக்கும் மிலானுக்கும் ஆலை வேலை தேடிப் போகும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டிருந்தது.

இவற்றோடு நம் விஷயத்துக்கு மிக நெருங்கிய இரண்டு சம்பவங்களும் அதே ஆண்டில் நடந்தன. இத்தாலிய டெலிவிஷன் 1954 ஜனவரி 3-ஆம் தேதி தொடங்கியது. மூன்று ஆண்டுகள் அதில் விளம்பரம் இல்லை. 1957 பிப்ரவரி 3-ஆம் தேதி முதல் இரவு தோறும் விளம்பரங்கள் காட்டப்பட்டன. அவற்றைச் சிறு சிறு நாடகங்களாகவும் பொம்மைப் படங்களாகவும் அமைத்ததால் குழந்தைகள் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். அதே ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி மிலான் நகரில், அமெரிக்க மூலதனத்தின் உதவியோடு, அந்நகரின் முதல் 'சூப்பர் மார்க்கெட்' திறக்கப்பட்டது.

இந்த இரண்டின் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். அதுவரை இத்தாலியக் குடும்பத் தலைவி பாலாடைக் கட்டி வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரரோடு பேசுவாள். எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மாதம் ஆயிற்று, யார் செய்தது என்று கேட்பாள். கடைக்காரர் அதில் ஒரு துண்டை வெட்டிக் கையில் கொடுப்பார். புதிய கடையிலோ பேச வேண்டிய அவசியமே இல்லை. பண்டம் காகிதத்துக்குள் இருக்கிறது. அதன் குணத்தை விளம்பரம் முந்தின நாள் இரவே சொல்லிவிட்டது. 'இது எப்படிச் செய்தது?' என்ற கேள்வி அந்தக் கடையில் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

கடையில் கேட்க ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்த அந்தக் கேள்வியை, அதே பருவத்தில், சொல்தாத்தி தேசம் முழுவதும் கேட்கும்படி டெலிவிஷனில் கேட்டார். அன்று எல்லாரும் டெலிவிஷன் பெட்டி வாங்கும் நிலையில் இல்லை. காப்பிக் கடைகளிலும் மாதாகோவில் மண்டபங்களிலும் கூடி உட்கார்ந்துதான் ஜனங்கள் பார்த்தார்கள். தங்களைப் போன்ற குடியானவர்களும் கைத்தொழிலாளர்களும் அந்தப் பெட்டிக்குள் தோன்றிப் பேசுவதை அவர்கள் கண்டார்கள்.

நதியோடு ஒரு பிரயாணம்

போ இத்தாலியின் மிக நீளமான நதி. மேற்கே ஆல்ப்ஸ் மலையில், மோன்விஸோ சிகரத்தின் அடியில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு ஊற்றாகப் பிறக்கிறது. 652 கிலோமீட்டர் கிழக்கு நோக்கி ஓடிப் பல கிளைகளாகப் பிரிந்து ஆட்ரியாடிக் கடலில் கலக்கிறது. மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள். அப்பால் வெர்செல்லி, நோவாரா பக்கத்தில் நெல் வயல்கள். அதற்கும் கிழக்கே பால் மாடுகள் மேயும் சமவெளி. முடிவில் உப்பங்கழிகளும் மீன் பண்ணைகளும். ஒரே நதி இவ்வளவு வகை ஆகாரங்களை ஊட்டி வளர்க்கிறது.

அந்தக் கரையில் நடக்கும் வேலைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். பார்மா, ரெஜ்ஜோ நகரங்களின் சுற்றுப்புறத்தில் செய்யப்படும் பார்மிஜானோ என்ற பாலாடைக் கட்டி உலகப் பிரசித்தமானது. மாலையில் கறந்த பாலை இரவு முழுவதும் அகன்ற தட்டுகளில் விட்டு வைக்கிறார்கள். விடியற்காலையில் மேலே மிதக்கும் ஏட்டை எடுத்துவிட்டு, காலையில் கறந்த பாலை அதனுடன் சேர்த்துத் தாமிரக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். முதல் நாள் மிஞ்சிய தெளிநீரே பிரையாக விடப்படுகிறது. இன்றைய பாலுக்கு நேற்றைய பால் ஆசிரியர் ஆகிறது என்று சொல்லலாம். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளை இட்டதும் பால் சில நிமிஷங்களில் கட்டிப்படுகிறது.

பிறகு மத்துப் போன்ற ஒரு பெரிய கருவியால் அந்தக் கட்டியை உடைத்து, கோதுமை மணியளவு சிறு துகள்கள் ஆக்குகிறார்கள். கொப்பரையின் சூட்டை 55 டிகிரி வரையில் ஏற்றுகிறார்கள். துகள்கள் அடியில் சேர்ந்து ஒரே திரளாகின்றன. இரண்டு பேர் துணியை அடியில் விட்டு அதைத் தூக்கி இரண்டாக அறுக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் 'இரட்டைப் பிள்ளைகள்' என்று பெயர். வட்ட அச்சில் இட்டு வடிவம் வந்த பிறகு, ஏறக்குறைய மூன்று வாரம் உப்பு நீரில் ஊற வைக்கிறார்கள். அப்பால் மரப் பலகைகளில் அடுக்கிக் குறைந்தது பன்னிரண்டு மாதம் காத்திருக்கிறார்கள். ஒரு கட்டியின் எடை சுமார் 40 கிலோ; அதற்குச் சுமார் 550 லிட்டர் பால் செலவாகிறது. இறுதியில் பரிசோதகர் ஒருவர் சிறு சுத்தியலால் அதைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே உள்ளே வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறார். மிருதங்கம் செய்பவரின் காது எப்படிப் பழகியதோ அப்படிப் பழகிய காது அது.

இந்த வேலையில் இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதருடைய தீர்மானம் இருக்கிறது. எப்போது உடைப்பது, எப்போது சூட்டை நிறுத்துவது என்பதைக் கையைவிட்டுத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பாலின் குணமோ பருவத்துக்கும் புல்லுக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். இந்தத் தீர்மானங்களைத்தான் சொல்தாத்தி தம் கேள்வியின் மூலம் வெளியே கொண்டுவர முயன்றார். சமைத்துக் காட்டுவது அவருடைய நோக்கம் ஆகவில்லை. செய்கிறவரைக் காட்டுவதே அவர் நோக்கம்.

கழிமுகத்தின் கதை

நதியின் முடிவில் கொமாக்கியோ என்ற ஊர் இருக்கிறது. உப்பங்கழிகளின் நடுவே கட்டப்பட்ட ஊர். இலையுதிர் காலத்தில், நிலவில்லாத புயல் இரவுகளில், விலாங்கு மீன்கள் கழியை விட்டுக் கடலுக்குப் போகப் புறப்படும். அந்த வழியில் நாணலையும் மரத்தையும் கொண்டு அம்பு முனை வடிவில் வேலி கட்டி அவற்றைப் பிடிப்பார்கள். நீளக் கம்பிகளில் கோத்து நெருப்பில் சுட்டு, காடியும் உப்பும் இலையும் சேர்த்துப் பதப்படுத்தி வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். சைவ உணவுக்காரர்களான வாசகர்களுக்கு இந்த விவரம் ருசிக்காமல் இருக்கலாம். ஆனால் காற்றையும் இருட்டையும் நீரோட்டத்தையும் கணக்குப் போடும் அந்த அறிவை மெச்சாமல் இருக்க முடியாது.

இந்தக் கழிமுகப் பிரதேசம் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. 1951 நவம்பரில் போ நதி கரையை உடைத்துக்கொண்டு பொலெஸினே என்ற தாழ்ந்த பூமியில் புகுந்தது. நூறு பேரளவில் மாண்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. இவ்வளவும் நடந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன, சொல்தாத்தி தம் பிரயாணத்தைத் தொடங்கியபோது. ஆகையால் அசல் உணவைத் தேடிய அந்தப் பிரயாணம், கலைந்து கொண்டிருந்த ஒரு ஜன சமூகத்தின் ஊடே நடந்த பிரயாணமும் ஆகும்.

தானியம் வந்தது, முறை வரவில்லை

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். "பழைய உணவு, பழைய கைத்தொழில் என்று புகழ்கிறீர்களே, அந்தக் காலத்துக் குடியானவன் வயிறாரச் சாப்பிட்டானா?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

வடக்கு இத்தாலியின் ஏழைக் குடியானவர்கள் பாலாடைக் கட்டியும் பழைய திராட்சை மதுவும் உண்டு வாழவில்லை. அவை சந்தைக்கும் நிலச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போயின. அவர்கள் பல தலைமுறைகளாக வேளை தவறாமல் உண்டது 'போலெண்டா' என்ற மக்காச்சோளக் களி. அதன் பலன் பயங்கரமாக இருந்தது. 'பெலாக்ரா' என்ற நோய் அவர்களைப் பற்றிக்கொண்டது. தோல் சொரசொரத்து வெடிக்கும், வயிறு கெடும், கடைசியில் சித்தம் கலங்கும். 1881-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தாலியில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்நோயால் வருந்தினார்கள்.

காரணம் என்ன? மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த தானியம். மெக்ஸிகோ தேசத்துப் பெண்கள் அதை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, ஊற வைத்து, கழுவிய பிறகே அரைப்பார்கள். அவ்விதம் செய்வதால் தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் 'நியாஸின்' என்ற வைட்டமின் விடுபட்டு உடலில் சேருகிறது. மெக்ஸிகோக்காரிக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது, செய்முறை தெரியும். கப்பலில் தானியத்தை ஏற்றிவந்த ஐரோப்பியர், "இதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று அவளைக் கேட்டு அந்த முறையைக் கொண்டுவரவில்லை. தானியம் வந்தது, முறை வரவில்லை. இரண்டு நூற்றாண்டுகளாக ஏழை ஜனங்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஆகவே சொல்தாத்தியின் கேள்வியை நாக்கு ருசிக்காகக் கேட்ட கேள்வி என்று தள்ளிவிட முடியாது. கைத்தொழில் என்பது அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சரித்திரத்தைப் படித்தால் போதும். பெயர் தெரியாத பெண்களின் கைப்பழக்கத்தில் ஜனங்களின் உயிரைக் காக்கும் அறிவு ஒளிந்திருக்கக் கூடும்.

பழமையில் எல்லாம் நல்லது என்ற கட்சியில் சொல்தாத்தி சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் யந்திரங்களைச் சபிக்கவில்லை. சிறு பட்டறைகளைப் பார்த்தது போலவே பெரிய தொழிற்சாலைகளையும் போய்ப் பார்த்தார். அங்கே உள்ள சுத்தத்தையும் ஒழுங்கையும் கண்டார். இங்கே உள்ள நிதானத்தையும் கண்டார். இரண்டையும் பார்க்கிறவர் முன்னே வைத்தார். எதை எவ்வளவு ஏற்றுக்கொள்வது என்ற பொறுப்பு வாங்கி உண்பவருக்கு உண்டு என்பதே அவர் செய்கையிலிருந்து நாம் அறிவது.

கேள்வி திரும்பி வந்தது

அதற்குப் பின்னும் அவர் இந்த வேலையை விட்டுவிடவில்லை. திராட்சை மது செய்யும் சிறு குடியானவர்களைத் தேடி இத்தாலி முழுவதும் சுற்றினார். அந்த அனுபவங்களை 1969, 1971, 1976 ஆகிய ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாக வெளியிட்டார்.

1986-ஆம் ஆண்டு வந்தது. மார்ச்சு மாதத்தில் இத்தாலியே நடுங்கிவிட்டது. சொல்தாத்தி பிறந்த பியத்மோந்து மாகாணத்திலேயே, மலிவான திராட்சை மதுவில் போதை அளவை உயர்த்திக் காட்டுவதற்காக மெதனால் என்ற விஷச் சாராயத்தைச் சிலர் கலந்து விற்றார்கள். அதைக் குடித்தவர்களில் இருபது பேரளவில் உயிரிழந்தார்கள். வேறு சிலர் கண் பார்வையை இழந்தார்கள். எப்படிச் செய்தது, யார் செய்தது என்று கேட்கப்படாத பண்டம் யமனாக வந்து நின்றது. தேசத்தின் ஏற்றுமதி வியாபாரம் சரிந்தது. அதன் பிறகு மது செய்கிறவர்கள் அளவைக் குறைத்துத் தரத்தை உயர்த்தத் தலைப்பட்டார்கள்.

அதே ஆண்டு ரோம் நகரின் அழகிய சதுக்கம் ஒன்றில் அமெரிக்கத் துரித உணவுக் கடை திறக்கப்பட்டதை எதிர்த்து ஒரு கிளர்ச்சி நடந்தது. பியத்மோந்தில் உள்ள பிரா என்ற சிறு ஊரைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனியும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சங்கம், 'நிதான உணவு' இயக்கமாக வளர்ந்தது. 1989 டிசம்பரில் பாரிஸ் நகரில் பல தேசத்தார் கூடி அதன் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். உணவு நன்றாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், செய்தவருக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும் என்பதே அந்த இயக்கம் பின்னர் வகுத்துக்கொண்ட கொள்கை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒருவர் தனியாகக் கேட்ட கேள்வி, இப்போது பல குரல்களில் ஒலித்தது. பழைய பெட்டிகளில் உறங்கிய அந்தப் படச் சுருள்களைத் தேடி எடுத்துப் பார்க்கும் ஆவலும் பிறந்தது.

சொல்தாத்தி 1999 ஜூன் மாதத்தில், தொண்ணூற்றிரண்டாவது வயதில், லிகூரியாக் கடற்கரையில் தெல்லாரோ என்ற சிற்றூரில் காலமானார். தாம் விதைத்தது முளைத்ததைப் பார்த்துவிட்டே போனார் என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

இன்று உணவைக் காட்டும் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. வர்ணங்கள் பளபளக்கின்றன; தட்டுகள் சிங்காரிக்கப்படுகின்றன; உண்பவர் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறார். ஆனால் அதைச் செய்தவருடைய முகம் எத்தனை தடவை நம் கண்ணில் படுகிறது? அவருக்கு என்ன கிடைக்கிறது, அவர் பிள்ளை அந்தத் தொழிலைத் தொடர்வானா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

ஒரு தேசத்தை நேசிப்பதற்குப் பல வழிகள் உண்டு. அதன் வீரர்களைப் போற்றலாம், கவிகளைப் போற்றலாம். அதன் பாலைக் காய்ச்சுகிறவர்களையும் நீரில் வலை கட்டுகிறவர்களையும் பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் வேலையை மரியாதையோடு விசாரிப்பதும் ஒரு வழி. சொல்தாத்தி இந்த வழியில் சென்றார். அதற்குப் பெரிய செல்வமோ அதிகாரமோ வேண்டியதில்லை. கடைத்தெருவில் ஒரு பண்டத்தைக் கையில் எடுக்கும் எவரும், அதைப் பைக்குள் போடுவதற்கு முன், அந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்கிறவர் இருக்கும் வரையில் நன்றாகச் செய்கிறவரும் இருப்பார்.